ஒரே பாட்டு, நாலு கோலம்

திருநீர்மலைப் பெருமாளைப் பார்த்து, ‘ஏதாவது ஒரு நிலையில் இருக்கக்கூடாதா?’ என்று யாரும் கேட்டதில்லை. அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்கிறார். படியேறிப் போனால் நரசிம்மராக உட்கார்ந்திருக்கிறார், ரங்கநாதராகப் படுத்திருக்கிறார், உலகளந்தவராக நடக்கவும் நடக்கிறார். பம்மலிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வரும் பக்தர்கள் நாலு கோலத்தையும் சேவித்துவிட்டு, ஒரே கோயிலுக்குப் போய்வந்த திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள். இவர்களிடம் ‘பீச் பாய்ஸ்’ குழுவின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டினால், “இதென்ன, நாலு பாட்டை வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கே?” என்பார்கள். ஒட்டினதுதான். 1966 பிப்ரவரியில் ஆரம்பித்து செப்டம்பர் வரை, லாஸ் ஏஞ்சலிஸில் நாலு ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, டேப்பை வெட்டிச் சேர்த்து, பிரையன் வில்சன் உண்டாக்கிய பாட்டு அது. ஆர்கன் முனகும் இடம் ஒன்று, செல்லோ அறுக்கும் இடம் ஒன்று, ஆவி பேசுவதுபோல் எலக்ட்ரோ தெரமின் ஊளையிடும் இடம் ஒன்று, எல்லாம் அடங்கிக் கோயில் மண்டபம்போல் ஆகிவிடும் இடம் ஒன்று. மொத்தம் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். இந்த வகைக்கு ‘புராக்ரஸிவ் பாப்’ என்று பெயர் வைத்து, நமக்கெல்லாம் எட்டாத சரக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழனுக்கு இது எட்டாதது இல்லை, பழகிச் சலித்தது என்பது என் கட்சி.

சாட்சி, 1991 தீபாவளிக்கு வந்த ‘தளபதி’. ‘ராக்கம்மா கையத்தட்டு’ பாட்டைப் பிரித்துப் பாருங்கள். வயலின்கள் சேர்ந்து ஒரு வேகத்தில் கிளம்புகின்றன. ரஜினியின் ஆட்கள் குத்தாட்டம் போடுகிறார்கள். எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் அமர்க்களம் செய்கிறார்கள். திடீரென்று எல்லாம் விலகி அப்பர் தேவாரம் வருகிறது. பாட்டெழுதிய வாலியோ ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய வரிகளுக்கு நடுவில் சிதம்பரத்து நடராஜரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் இளையராஜா. தேவாரம் முடிந்ததும் மறுபடி குத்து. பிரையன் வில்சன் பார்த்திருந்தால், கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருப்பார். கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரிகளில் இன்றும் இதைப் பாடுகிறார்கள். தேவாரப் பகுதி வந்ததும் ஆடுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்கிறார்களே தவிர, “பாட்டை ஏன் மாத்தினே?” என்று மேடையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. வெள்ளைக்காரன் செய்தால் ஒட்டுவேலை, நம்மவர் செய்தால் பின்னணி இசை.

2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் ராக்கம்மாவுக்கு நாலாவது இடம் கிடைத்ததையும், இதே துண்டுப் பாட்டு ஜாதியைச் சேர்ந்த ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாவதாக வந்ததையும் நான் பெரிய ஆதாரமாகக் காட்டப்போவதில்லை. இணையத்தில் ஓட்டுப்போடுவதில் நம்மவர்களுக்கு இருக்கும் விரல்பலம் உலகப் பிரசித்தம். அதனால் கல்யாண மண்டபத்தையே நம்புகிறேன். அங்கே கள்ள ஓட்டு கிடையாது, கை தானாகத் தட்ட வேண்டும்.

சங்கீத ரசிகர் ஒருவர், “சினிமாவில் புடவை மாறும்போது இசையும் மாறுகிறது, அதை இலக்கணம் ஆக்காதே” என்று ஆட்சேபிக்கலாம். பாதி உண்மைதான். ஊட்டியில் ஒரு சேலை, கொடைக்கானலில் ஒரு சேலை என்றால் இடையிசை ஊர் மாறித்தான் ஆகவேண்டும். ஆனால் புடவையே மாற்றாமல் உட்கார்ந்து பாடும் கச்சேரியிலும் ராகமாலிகை உண்டே. ராஜாஜி எழுதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘குறை ஒன்றும் இல்லை’ சிவரஞ்சனியில் தொடங்கி, காபியில் புகுந்து, சிந்துபைரவியில் முடிகிறது. மூன்று ராகம் எதற்கு என்று எந்த மாமியும் சபா செயலாளருக்கு எழுதிப்போட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கணக்குப்பிள்ளைகளுடையது: ஒரு பாட்டுக்கு ஏழு மாதமா? 90 மணி நேர டேப்பா? ராஜா அரை நாளில் முடித்துவிடுவாரே! முடித்துவிடுவார், மறுக்கவில்லை. நம் ஊரில் வாத்தியக்காரர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம், தயாரிப்பாளர் வாசலிலேயே நிற்பார். வில்சனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் தாமதத்தை வைத்து அவரைக் கேலி செய்யும் உரிமை திருநீர்மலைக்காரர்களுக்கு மட்டும் கிடையாது. மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் இங்கேயே காத்திருந்து, நீர் வடிந்த பிறகு பெருமாளைச் சேவித்துப் பாசுரம் பாடினார் என்பது தலபுராணம். ஆறு மாதம் ஆழ்வாருக்குச் சரி, ஏழு மாதம் அமெரிக்கருக்குச் சரியில்லை என்றால் அது என்ன நியாயம்? வில்சன் வீட்டுக் கதையில் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மனிதர்களிடமிருந்து வரும் அதிர்வுகளை உணர்ந்துதான் நாய்கள் சிலரைப் பார்த்துக் குரைக்கின்றன என்று அவருடைய அம்மா சொன்னாராம். பாட்டின் கருவே அதுதான். அந்தம்மாள் இரவு பத்து மணிக்கு மேல் திருநீர்மலை ரோட்டில் ஒரு டூவீலரில் வந்திருந்தால், நல்லவர் கெட்டவர் பேதமே பார்க்காமல் எல்லாரையும் துரத்தும் நாய்களைப் பார்த்துவிட்டு, மகனுக்கு வேறு விஷயம் சொல்லியிருப்பார்.