தூங்கா நகரில் ஒரு ரூம்

கேள்வி: மதுரையில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். நண்பர்களோடு தங்க கோரிப்பாளையம் பக்கம் ரூம் தேடினால், "பேச்சிலர்ஸா? இல்லப்பா" என்கிறார்கள். இருக்கிறது என்பவர்களோ பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். என்ன செய்வது?
- முதலாண்டு மாணவர், எழுமலை

பதில்: நள்ளிரவிலும் சூடாகப் பரோட்டா கிடைக்கும் ஊர் மதுரை. பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்கும் ஹவுஸ் ஓனர் கிடைப்பதுதான் கஷ்டம்! முதலில் கல்லூரி விடுதியில் இடம் கேளுங்கள். இல்லையென்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைத் துணைக்கு அழையுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்கிறது அது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாத அட்வான்ஸெல்லாம் அந்த 'ஒப்புக்கொள்ளாதவரை' என்கிற சந்துக்குள்தான் வாடகையில்லாமல் குடியிருக்கிறது!

வீடு பார்க்கப் போகும்போது நாலு நண்பர்களை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவை அழைத்துப் போங்கள். அவருடைய வெள்ளை வேட்டிக்கு இருக்கிற செல்வாக்கு எந்தப் புரோக்கருக்கும் கிடையாது. கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு, காலி செய்தால் அட்வான்ஸ் எப்போது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். பாடப்புத்தகத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.