சுட்டுவிரல் சாத்திரம்

ஒரு மனிதன் அன்னிய தேசத்தில் ஊரோடு ஒட்டிவிட்டானா, இல்லையா என்பதை நிச்சயிப்பதற்கு அரசாங்கத்தார் கடவுச்சீட்டையும், வரி அதிகாரிகள் வருமானத்தையும், பாஷா பண்டிதர்கள் உச்சரிப்பையும் ஆதாரமாகக் கொள்வது வழக்கம். இம்மூன்றும் குறையுடையவை என்பதும், ஸ்காட்லாந்தின் மேல்கரையை அடுத்துள்ள ஸ்கைத் தீவைப் பொறுத்தமட்டில், மோட்டார் வண்டியின் ஸ்டியரிங்கைப் பற்றியிருக்கும் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றே பழுதற்ற பிரமாணம் என்பதும் இவ்வாராய்ச்சியின் பிரதிக்ஞை. விஷயம் அற்பமானது என்று கருதும் வாசகர்கள், இதைவிட அற்பமான விஷயங்களுக்குச் சர்வகலாசாலைகள் பட்டம் வழங்கியிருப்பதை நினைவில் கொள்வார்களாக.

முதலில் நிலத்தின் இயல்பு. சுமார் 1,656 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் வசிப்போர் பதினாயிரம் பேருக்குச் சற்றே மேல். சதுர கிலோமீட்டருக்கு ஆறு பேர் என்று கணக்கிட்டால் பெரும் பிழை வராது. 1841-ஆம் ஆண்டில் இத்தொகை 23,000 ஆக இருந்தது என்பதையும், குத்தகைக் குடியானவர்களை நீக்கிவிட்டு அந்நிலங்களில் ஆடுகளைக் குடியேற்றிய நிலச்சுவான்தார்களின் கைங்கரியம் இக்குறைவுக்கு ஒரு பெருங்காரணம் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது அவசியம். ஏனெனில், அந்த ஆடுகளின் சந்ததியார் இன்றும் சாலை நடுவே படுத்துக்கொண்டு, நம் ஆராய்ச்சிக்கு உரிய போக்குவரத்தைத் தாமதப்படுத்தி வருகிறார்கள். பிரதான சாலைகளை விட்டு விலகினால், பாதை ஒரு வண்டியின் அகலமே உடையது. ஆங்காங்கே ஒரு புறம் சிறிது வீங்கி நிற்கும் ஒதுங்கிடத்தையும், அதை அறிவிக்கும் வெள்ளைப் பலகையையும் நம்பியே எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கின்றன. இடப்புறம் ஒதுங்கிடம் இருந்தால் அதில் புகுக, வலப்புறம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நிற்க, மேடேறி வருபவருக்கு வழி விடுக என்று பிரிட்டிஷ் சாலை விதிகளின் 155-ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. கடந்த பிற்பாடு விரலை என்ன செய்வது என்பது பற்றி மட்டும் அவ்விதி மௌனம் சாதிக்கிறது. சாத்திரம் மௌனமாகும் இடத்தில் ஆசாரமே பிரமாணம் என்பது ஆன்றோர் கொள்கையாதலால், எதிரெதிரே கடப்பவர்கள் ஒருவருக்கொருவர் விரல் உயர்த்தும் ஆசாரத்தை நாம் ஆராய்வோம்.

லக்ஷணம் வகுப்பதில் மூன்று தோஷங்கள் நேரக்கூடும் என்று தார்க்கிகர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மூன்றும் இவ்விஷயத்தில் நேர்ந்திருக்கின்றன. ‘ஒதுங்கி நின்றவருக்குக் கடந்து செல்பவர் தெரிவிக்கும் நன்றி’ என்றால் அவ்யாப்தி. நன்றிக்குரியவரான நின்றவரும் அல்லவா விரலை உயர்த்துகிறார்! கடனே வாங்காதவர் வட்டி கட்டுவதுபோன்ற இச்செயலை நன்றி என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. ‘எதிர்ப்பட்டவரை நோக்கிக் கையசைத்தல்’ என்றால் அதிவ்யாப்தி. வாடகை வண்டியில் வரும் உல்லாசப் பிரயாணி ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரை நீட்டி அசைப்பதும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதசாரிகள் மிட்ஜ் என்னும் கண்ணுக்கு எளிதில் புலனாகாத கடிப்பூச்சிகளை விரட்ட இரு கைகளாலும் காற்றில் அறைந்துகொள்வதும் அதனுள் அடங்கிவிடும். ‘தலைதாழ்த்தி வணங்குதல்’ என்றாலோ அசம்பவம்; அந்தச் சாலை வளைவுகளில் தலைதாழ்த்துபவர் இரண்டாவது வணக்கத்துக்கு எஞ்சியிருக்க மாட்டார். ஆகவே, உள்ளங்கை ஸ்டியரிங்கை விட்டு அகலாமல், முகத்தில் விசேஷமான மாறுதல் எதுவும் தோன்றாமல், சுட்டுவிரல் மாத்திரம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் எழுந்து அமர்வதே ‘விரல்’ என்று கொள்க. நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் கூறும் இருபத்தெட்டு ஒற்றைக்கை முத்திரைகளில் ‘சூசி’ இதற்குச் சமீபமானது. எனினும் சூசியில் மடங்கிக் கிடக்கும் ஏனைய விரல்கள் இங்கே ஸ்டியரிங்கைத் தழுவியிருப்பதால், உறவு உண்டேயன்றி ஐக்கியம் இல்லை.

இனி, ஆராய்ச்சிக்கு உரிய ஜீவன். கூலின் மலைத்தொடரின் அடிவாரத்திலே, க்ளென் பிரிட்டில் போன்றதொரு பள்ளத்தாக்கில், மலையேறுவோர் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் வேனிற்பருவத்துக்கென வேலைக்கு அமர்ந்த வெளிதேசத்து இளைஞன் அல்லது யுவதியையே நாம் ஊழியர் என்கிறோம். அடுக்குக் கட்டில்களின் விரிப்புகளை மாற்றுவது, ஈரச் சப்பாத்துகளின் வாடை நிரந்தரமாகக் குடிகொண்ட உலர்த்தும் அறையில் யாருடைய காலுறை யாருடையது என்று தீர்ப்பு வழங்குவது, புறப்பட்டுப் போனவர்கள் பொதுத் தட்டில் விட்டுச்சென்ற அரைப் பொட்டலம் பாஸ்தாவையும் நான்கு உப்பு டப்பாக்களையும் ஒழுங்குபடுத்துவது, 992 மீட்டர் உயரமுள்ள ஸ்கூர் அலஸ்டேருக்கு நாளை மேகம் விலகுமா என்ற கேள்விக்குத் தெய்வக்ஞனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டு விடை கூறுவது ஆகியவை ஊழியரின் நித்திய கர்மங்கள். விபரீதம் யாதெனில், இவற்றில் எதுவும் அவரைத் தீவோடு சேர்ப்பதில்லை. உடன் வேலை செய்வோர் ஜெர்மனியிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள். விருந்தினரோ இரண்டு இரவுக்கு மேல் தங்காதவர்கள். தீவுக்குள் தீவாக உள்ள அந்த வீட்டில், ஒரு பருவம் முழுவதும் ஓர் உள்ளூர்வாசியின் பெயரைக்கூட அறியாமல் காலந்தள்ளிவிட இயலும். ஊரை அவர் சந்திக்கும் இடம் சாலை ஒன்றே.

அச்சாலையில் ஊழியர் பெறும் பரிபக்குவம் படிப்படியானது. கார்போஸ்ட் கிராமத்துக் கடைக்கு நடந்து செல்கையில், எதிரே வந்த தபால் வண்டிக்காரர் விரலை உயர்த்தினால், அது தமக்கல்லவென்று கருதித் திரும்பிப் பார்ப்பது முதற்படி. பின்னால் ஆடு நிற்கும். விடுதியின் வேனை ஓட்ட அனுமதி கிடைத்ததும் கை முழுவதையும் தூக்கி, பல் தெரியச் சிரிப்பது இரண்டாம் படி. தேர்தல் வேட்பாளருக்குரிய இச்செய்கையை உள்ளூரார் பொறுத்துக்கொள்கிறார்கள். கை நான்கு விரலாகவும், நான்கு ஒன்றாகவும் சுருங்கிவரும் காலத்தில், தாம் ஊரோடு ஒட்டிவிட்டதாக ஊழியர் உள்ளூர மகிழ்கிறார். இவ்விடத்தில்தான் முன்னையோர் அனைவரும் ஏமாந்தனர் என்பது நம் அபிப்பிராயம்.

ஏனெனில், விடுதியின் வேன் பல வருஷங்களாக அப்பாதையில் ஓடி, பள்ளத்தில் சரிந்த வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்து, பஸ்ஸைத் தவறவிட்ட கிழவிகளை ஏற்றிச் சென்று, தன் சொந்த முயற்சியால் விரலைச் சம்பாதித்திருக்கிறது. அதை ஓட்டுபவருக்குக் கிடைப்பது வேனுக்குரிய மரியாதையின் வட்டியே, முதல் வேனுடையது. சென்ற பருவத்தில் அதே ஆசனத்தில் அமர்ந்திருந்தவருக்கும் அதே விரல் உயர்ந்தது. அடுத்த பருவத்தில் வருபவருக்கும் உயரும். ஆகவே, கொடுத்த விரல் பிரமாணமாகாது, வேனில் இருந்தபடி வாங்கிய விரலும் பிரமாணமாகாது. மழை சாய்வாக அடிக்கும் ஒரு பிற்பகலில், இரவல் வாங்கிய மேற்சட்டையின் முக்காடு மூக்கு வரை இறங்கியிருக்க, இரவல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊழியர் ஓரமாக ஒதுங்கும்போது, முகமும் வாகனமும் புலப்படாத நிலையில், நடையை மட்டும் கண்டு ஒருவர் விரலை உயர்த்துவாரானால், அதுவே சித்தாந்தம். சதுர கிலோமீட்டருக்கு ஆறு பேர் வாழும் ஊரில் ஒருவருடைய நடை மனப்பாடமாவது, அவரும் அந்த ஆறு பேர் கணக்கில் சேர்ந்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சி.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. 1995-இல் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் திறக்கப்பட்டபின் வண்டிகள் பெருகிவிட்டன. சுங்கம் கட்ட மறுத்து ஊரார் நடத்திய போராட்டம் 2004-இல் பலித்து, அக்கட்டணமும் ஒழிந்தபின் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம் என்றாயிற்று. இத்தகைய காலத்தில் விரல் வெறும் அனிச்சைச் செயலாகத் தேய்ந்துவிடாதா என்பதே அந்த ஆக்ஷேபம். தேயட்டும். அனிச்சையாகச் செய்யப்படும் மரியாதையைவிட உறுதியான மரியாதையை நாம் கண்டதில்லை.

பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் விரலுயர்த்தலாமா என்ற உப பிரச்னை பாக்கி நிற்கிறது. பிரிட்டனில் ஓட்டுநரின் இடக்கை கியரிலும் வலக்கை ஸ்டியரிங்கிலும் இருப்பதால், விரல் அவருடைய வலக்கைக்கே உரிய பாத்தியதை. கையில் ரொட்டித்துண்டு இருந்து, அதனால் ஓட்டுநர் அசக்தராகும் பட்சத்தில் மட்டும் அடுத்திருப்பவர் அவர் சார்பில் உயர்த்தலாம். ஆயின் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல். ரொட்டியோடு ஓட்டுவது தகுமா என்பது வேறொரு சாத்திரத்தைச் சேர்ந்தது.