சுள்ளி பொறுக்கக் கூடாத காடு

அன்புள்ள அப்பாவுக்கு,

"கட்டின வீட்டை விட்டுட்டு எதுக்குடா பொட்டக்காட்டுல போய்ப் படுக்குறீங்க?" என்று நீங்கள் கேட்டு முடிக்கவும் லைன் அறுந்துபோகவும் சரியாக இருந்தது. பதில் சொல்லப் பயந்து நான்தான் அறுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். சத்தியமாக சிக்னல்தான்.

போன இடத்தின் பெயர் டெத் வேலி. அம்மாவிடம் தமிழில் சொல்லிவிட வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடக்கிறது. உப்பைப் பார்க்க வாலிநோக்கம் போதாதா என்பீர்கள். கூடாரம் போட்டது ஃபர்னஸ் க்ரீக்கில். உலை ஓடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1913 ஜூலையில் அங்கே 56.7 டிகிரி வெயில் அடித்தது இன்றுவரை உலக ரெக்கார்டு. நாங்கள் போனது டிசம்பர் கடைசியில், அதனால் ராத்திரி பல் தந்தியடித்தது.

காரை விட்டு இறங்கி நிமிர்ந்தால் எதிரே நம்ம சீமைக் கருவேலம்! அதே முள், அதே இலை, அதே நெற்று. இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். அச்சு அசல் அதே மரம் இல்லை, பங்காளி முறை. 2017ல் மதுரை ஐகோர்ட்டே வேரோடு பிடுங்கச் சொன்ன குடும்பம், இங்கே அரசாங்கப் பாதுகாப்பில் வாழ்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் அந்த நெற்றை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். நம் ஆடுகளின் ருசியை நாம்தான் மதிக்கவில்லை.

சரி, சொந்தக்கார மரம்தானே என்று கீழே கிடந்த நாலு சுள்ளியைப் பொறுக்கினேன். "அப்பா, கீழ போடுங்க!" என்று ஒரு அதட்டல். உங்கள் பேத்தி. அன்று காலையில்தான் ஒரு புத்தகத்தை நிரப்பிக் கொடுத்து, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து, ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் வாங்கியிருந்தாள். இங்கே விறகு பொறுக்கக் கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியானாலும் காட்டுக்குத்தான் சொந்தம். விறகைக் கடையில் வாங்க வேண்டும். ஆறு கட்டை, பிளாஸ்டிக் சுற்றி, கைப்பிடி வைத்து, 12 டாலர். ரூபாயில் போட்டுப் பார்க்காதீர்கள், உங்கள் கரிமூட்டத்துக்கு வாரம் பூரா தூர் வெட்டின கூலி ஞாபகம் வரும்.

வாங்கினேன். ஆறும் தொடை கனத்துக்குக் கட்டை. சுள்ளி இல்லாமல் எப்படிப் பற்றும்? சுள்ளியோ காலடியில் கிடக்கிறது, எடுத்தால் குற்றம். போலீஸ் ஒன்றாம் வகுப்பு படிக்கிறது, தூங்கவும் மாட்டேன் என்கிறது. பிஸ்கட் அட்டையைக் கொளுத்தினேன். பேப்பர் தட்டுகளைக் கொளுத்தினேன். கடைசியில் கூடாரம் கட்டும் விதத்தைப் படம் போட்டு விளக்கியிருந்த தாளையும் கொளுத்தினேன். கரிமூட்டக்காரர் மகன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரப் பாட்டி சிறு கோடாரியோடு வந்து ஒரு கட்டையைச் சிம்பு சிம்பாகப் பிளந்து கொடுத்தார். ஒரே தீக்குச்சிதான். அது எனக்குத் தோன்றவில்லையே அப்பா! ஆனால் அந்தப் புகையில் நம் விறகின் வாசனை இல்லை. ஏதோ பைன் மரமாம், பினாயில் மாதிரி இருந்தது.

நடுராத்திரி காற்று வந்து கூடாரத்தை ஒரு பக்கம் சாய்த்தது. நிமிர்த்தலாமென்றால் தாளை எரித்துவிட்டேன். மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்தபடி தூங்கினோம். கழுத்து இன்னும் திரும்பவில்லை. உங்கள் மருமகள் முகமும்தான். விடியுமுன் ஒருதரம் கதவைத் திறந்து வெளியே நின்றேன். வானம் பூரா நட்சத்திரம். கரிமூட்டத்துக்குக் காவலாக உங்களோடு கட்டிலில் படுத்திருந்தபோது பார்த்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

ஒரு விஷயம். தாத்தா இந்த மரத்தை ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன். "எவ்வளவு ஃபைன் கட்டினார்?" என்று இன்றுவரை கேட்கிறாள். ஜூனில் ஊருக்கு வருகிறோம், பேட்ஜும் வருகிறது. கொல்லையில் அடுக்கியிருக்கும் விறகை எதற்கும் ஓலை போட்டு மூடி வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்