தொண்ணூறு நாள் பயிர்

நன்னிலம் கடைத்தெருவில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை. பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிறவர் எல்லா ஆபீசிலும் ஒருவர் இருக்கிறார். அங்கே வேலை பார்க்கும் ஏழு பேரும் ஒருவரையொருவர் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் வாசலில் நின்று “சார் இருக்காரா?” என்று கேட்டால் அது இவர் ஒருவரைத்தான் குறிக்கும். லெட்ஜர் காலத்தில் சேர்ந்தவர். கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். தேடுவது மட்டும் மேசையில்.

சாருடைய பாஸ்வேர்டு பரம ரகசியம். அது ரகசியம் என்று எல்லாருக்கும் தெரியும். அது என்ன என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், நடுவில் ஒரு குறி வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டபோது மற்ற ஆறு பேரும் விழித்தார்கள். சார் விழிக்கவில்லை. டெல்டாக்காரருக்கு எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் என்ன புதுசா? ஏடிடி 36, ஏடிடி 43, ஏடிடி 45, சிஆர் 1009. ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வயலுக்கென்று கண்டுபிடித்த நெல் ரகங்களை இவர் கம்ப்யூட்டரில் நட்டுவிட்டார். நடுவே ஒரு ‘@’ செருகினால் தீர்ந்தது. எழுத்து போதாது என்று திரை முரண்டுபிடித்தால் பின்னால் ‘நெல்’ சேர்த்துக்கொள்வார்.

90 நாளுக்கு ஒருமுறை மாற்று என்று கேட்கும்போதுதான் அவருக்குக் கோபம் வரும். “ஏடிடி 43 குறுவை ரகம். அதுக்கே 110 நாள் வேணும். இவங்க 90-லேயே அறுங்கிறாங்க. பச்சையா அறுத்து மாட்டுக்குப் போடறதா?”

இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய நிறுவனத்துக்காக 2003-இல் இந்த மாதிரி விதிகளை எழுதிவைத்த பில் பர், 2017-இல் ஒரு பேட்டியில் அதற்காக வருத்தப்பட்டார். பாஸ்வேர்டு வெளியே போனதற்கு அறிகுறி இருந்தால் மாற்று, சும்மா நாள் கணக்குக்காக மாற்றச் சொல்லாதே என்று அதே வருஷம் அந்த நிறுவனமும் சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுகிறார்களாம். சாரை ஒரு நாள் பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடிக்க 14 வருஷம் ஆகியிருக்காது. தலைமை அலுவலகத்துக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தபாலில் வருகிறதோ என்னவோ.

ஒருமுறை புதுப் பாஸ்வேர்டைத் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளிலேயே எழுதிவைத்தார். மறுநாள் காலை கூட்டவந்த அக்கா வழக்கம்போல் தாளைக் கிழிக்க, டீக்கடைப் பையன் அதில் இரண்டு வடையை மடித்துக்கொண்டு போய்விட்டான். எண்ணெயில் எழுத்து ஊறிப்போன பிறகு தாள் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பாஸ்வேர்டுச் சீட்டு கூத்தனூர் சரஸ்வதி படத்தின் சட்டத்து மூலையில் செருகப்பட்டிருக்கிறது. படிப்புக்கே அவள் பொறுப்பு; ஒரு பாஸ்வேர்டைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா?

அதே சுவரில் ஒரு சுற்றறிக்கையும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66சி: அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம்வரை அபராதம். சார் கண்ணாடியை இறக்கி முழுதும் படித்தார். “மோசடியான்னு தெளிவா போட்டிருக்கான். நாம எல்லாரும் நல்லெண்ணத்துலதானே யூஸ் பண்றோம்?”

ஆபீஸ் இணையத்தைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது என்பது அடுத்த வரி. சார் காலையில் வந்ததும் திறப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் மேனேஜர், “இது பர்சனல் யூஸ் சார்” என்றார்.

“தம்பி, 2024-ல தொறக்க வேண்டிய ஜூன் 12 வந்துச்சு, அணை தொறக்கல. ஜூலை 28-தான் தொறந்தாங்க. அந்த வருஷ வசூல் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் பாருங்க. பர்சனலா இல்லையான்னு அப்புறம் பேசுவோம்.”

மேனேஜர் பார்த்தார். இப்போது தினமும் பலகையில் நீர்மட்டத்தை எழுதுவது அவர்தான். ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர நாட்கணக்காகும்; சார் மேட்டூரிலிருந்து யூடியூபில் சீர்காழி கோவிந்தராஜனுக்கு வர இரண்டே நிமிஷம்.

இப்படிப்பட்டவரை எவனும் ஏமாற்றிவிடுவான் என்றுதானே தோன்றும்? ஒருத்தன் போனில் வந்தான். பேங்கிலிருந்து பேசுகிறானாம், கார்டு முடங்கப்போகிறதாம், ஓடிபி வேண்டுமாம்.

“சொல்றேன். தம்பிக்கு எந்த ஊரு?”

“சென்னை சார்.”

“சென்னையில ஏதுப்பா சொந்த ஊர்க்காரன்? அப்பாவுக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா?”

போனை வைத்துவிட்டான். சார் விடவில்லை, திரும்பக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. “குரல்ல ரொம்ப சோர்வு. சாப்பிட்டானோ என்னமோ” என்றார். அதே கிளையில் பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்த எம்.பி.ஏ. பையன், முந்தின மாதம்தான் ‘கரண்ட் பில் பாக்கி’ என்று வந்த குறுஞ்செய்தியை அமுக்கிவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

போன வாரம் நகைக்கடன் வட்டி கட்டப் போயிருந்தேன். சர்வர் டவுன். “சர்வர் சுந்தரம் எழுதின பாலசந்தர் நம்ம நல்லமாங்குடி. 1964-ல வந்த படம், அந்த சர்வர் இன்னைக்கும் ஓடறான்” என்று சார் வரிசையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். சர்வர் வந்தபோது சாருக்கு வழி இல்லை. வெள்ளிக்கிழமை படத்துக்குக் குங்குமம் வைத்த அக்காவின் விரல் சீட்டிலும் பட்டு, ஏடிடி 53-இன் 3, 8 ஆகியிருந்தது. மூன்று தடவை அடித்தார், பூட்டிக்கொண்டது.

உதவி மையத்தை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் கேட்டாள்: “பாதுகாப்புக் கேள்வி சார். உங்க அம்மா பிறந்த ஊர்?”

“சன்னாநல்லூர்.”

“தப்பு சார்.”

நன்னிலத்தில் யாருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்று மேனேஜர்தான் அந்த இடத்தில் ஒரு பொய்யைப் போடச் சொல்லியிருந்தார். பொய்யும் போட்டாயிற்று. என்ன பொய் என்பதுதான் சாருக்கு மறந்துவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

பெஞ்சில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்த ஆத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “ஏந்தம்பி, பாண்டிச்சேரின்னுல்ல போட்டே? அன்னைக்கு நான் இங்கதானே குந்தியிருந்தேன்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, “சார், அங்க பேசறது யாரு?”

“எங்க பிராஞ்ச் பேக்கப்புங்க” என்றார் சார்.