பூங்கொத்தைத் தேடுவதா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய படங்களையும் கோயில் மலர்களையும் வட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். வேண்டிய நேரத்தில் ஒன்றும் அகப்படுவதில்லையே, ஏன்?
(வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள்? ‘மறக்க முடியுமா!’, ‘பழைய நினைவு’, கூடவே நாலு பூங்கொத்து. பிறகு எதைச் சொல்லித் தேடுவது, பூங்கொத்தையா? சந்தையில் ‘மீன், மீன்!’ என்று கூவினால் யாரும் திரும்பமாட்டார்கள். அறக்குளா, பாரை, சூடை என்றால்தான் பை விரியும். கூரை பறந்த வீட்டின் படமா? ‘1964 டிசம்பர் சூறாவளி, இன்ன தெரு’ என்று போடுங்கள். சீனன்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கியா? ‘1942 ஏப்ரல் 9, ஜப்பானியர் தாக்குதல்’. சந்தேகமிருந்தால் ‘இருக்கலாம்’ என்றும் சேர்த்துவிடுங்கள், குற்றமில்லை.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தைப் பாருங்கள். ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை முதல் விழா மலர் வரை மின்வடிவில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண்; ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, வகை என்று விவரம். ஆண்டைத் தட்டினால் அந்த ஆண்டில் வந்த மற்றவையும் வரிசைகட்டி நிற்கும். மூதூர் மாணவிக்கும் கனடாப் பேரனுக்கும் ஒரே கதவுதான்.

ஸ்கேன் செய்ய ஆள் கிடைத்துவிடும். குந்தியிருந்து விவரம் எழுத ஆள் கிடைப்பதுதான் பாடு. உங்கள் குழுவில் தினமும் விடியமுன் காலை வணக்கம் அனுப்புகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைக் கேட்டுப்பாருங்கள், நேரம் நிறைய வைத்திருக்கிறார்.