கடுதாசிக்குத் தெரியாத காம்பரா

ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் காம்பராக்களில் பெரும்பாலானவற்றுக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அதற்கு மேல் தபால்காரருக்கு ஒன்றும் தெரியாது. கடுதாசி தோட்டத்து ஒபீஸில் இறங்கி, மேசையில் படுத்துத் தூங்கி, நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் பிள்ளையின் கைக்கு வரும். அடகு வைத்த நகைக்கு ஏல அறிவித்தல், நகை ஏலம் போன பிறகு வரும்.

பொலிஸுக்கு மட்டும் இந்தச் சிரமமே இல்லை. நள்ளிரவு, பனி, கரண்டும் இல்லை. ஆனாலும் எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று சப்பாத்துக்குத் தெரிந்திருக்கும். தபால் திணைக்களத்தைப் பொலிஸிடம் ஒப்படைத்துவிட்டால் மலையகத்தின் பாதிப் பிரச்சினை தீரும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். யாரும் கேட்பதாயில்லை.

வீட்டைச் சோதிக்க நீதவானிடம் ஆணை வாங்கும் வழியைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. அது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். அதே ஆண்டின் 48ஆம் இலக்கம் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி ஒரு பொலிஸ் அத்தியட்சகரோ, அவர் எழுத்தில் அனுமதித்த சப் இன்ஸ்பெக்டரோ ஆணையே இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். ஒரே வருசத்தில் பூட்டையும் செய்தார்கள், அதைத் திறக்கும் கம்பியையும் செய்தார்கள். தற்காலிக ஏற்பாடு, மூன்றே வருசம் என்றார்கள். 1982இல் அந்த மூன்று வருசத்தை நிரந்தரமாக்கினார்கள்.

இது போதாதென்று 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகாலநிலை. 1971இல் தொடங்கி 2011 வரை, இடையிடையே மூச்சு வாங்கியதைக் கழித்தாலும், நாட்டுக்கு அவசரம்தான். நீதவானை எழுப்பி ஆணை வாங்க நேரமில்லாத அவசரம்! 1971இல் பிறந்த பிள்ளை வளர்ந்து, சட்டம் படித்து, தானே நீதவானாகி, தானே எழும்பி வந்து கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

தொண்ணூறுகளில் ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் காம்பராவும் அகப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே அவர்கள் நான்கு பேர் போனதால் நாங்கள் ஆறு பேரும் இஸ்தோப்பில் குந்தினோம். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அம்மாவின் கூறைச்சேலை, பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் அடுப்புச் சாம்பலில் விழுந்தன. கடைசியாக அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அதைக் கண்டதும் ஒருவருக்கு முகம் மலர்ந்தது. “மேக்க மொக்கடத?” இது எதற்காம். தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு கவ்வாத்துக் கத்தி எதற்கென்று கேட்கிறார்! தான் குடிக்கிற தேத்தண்ணி எந்தக் கிணற்றில் ஊறுவதாக நினைத்தாரோ.

பிறகு என் புவியியல் கொப்பி. இலங்கைப் படத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பச்சை அடித்திருந்தேன். சேர் சொன்ன நிறம். கொப்பி போனது, கத்தி போனது, அண்ணனும் போனான். எதற்கும் துண்டு தரவில்லை. மூன்றாம் நாள் அண்ணனை மட்டும் திருப்பித் தந்தார்கள், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அதில் தான் என்ன சொல்லியிருக்கிறான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

“ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்னங்க பயம்?” என்பார் டவுனில் கேட்டும் நாயும் வீட்டு நம்பரும் வைத்திருக்கும் ஐயா. ஒளிக்க ஒன்றுமில்லை ஐயா, ஒளிக்க இடமும் இல்லை. காம்பராவும் எங்களுக்குச் சொந்தமில்லை. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளிலோ அந்தரங்கத்துக்கென்று ஒரு வரி கிடையாது.

அதெல்லாம் யுத்த காலம் என்பீர்கள். 2023 டிசம்பர் 17இல் பொலிஸின் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபோது எந்த யுத்தம் நடந்தது? போதைப்பொருள் வேட்டை என்று ஏழைகளின் வீடுகளில் நாய்களோடு புகுந்தார்கள், ஆயிரமாயிரமாய்ப் பிடித்தார்கள். ஆணையில்லாத தேடுதல்கள் நடப்பதாக ஐ.நா. வரை கவலை போனது. அப்போதைய பதில் பொலிஸ் மாஅதிபர் தேசபந்து தென்னகோனை, ஒரு சித்திரவதை வழக்கில் அடிப்படை உரிமை மீறியவர் என்று உயர் நீதிமன்றம் சொல்லி மூன்றே நாள் ஆகியிருந்தது. யுக்திய என்றால் நீதி என்று பொருள். கொழும்பு கறுவாத்தோட்டத்து மாளிகையின் படுக்கையறையை அந்த நாய்கள் மோப்பம் பிடித்த படத்தை யாராவது வைத்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

அவசரம் என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரியும் என்று 2005இல் எச்சரித்தார்கள், 2011இலும் எச்சரித்தார்கள். அந்தச் சனங்களை வேறிடத்தில் குடியமர்த்தி முடிக்க ஒன்பது வருசத்தில் எவருக்கும் அவசரம் வரவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மண் ஆணையில்லாமலே லயத்துக்குள் வந்தது.

காம்பராவுக்குள் யாராவது அலறினால் கதவை உடைத்துக்கொண்டு வாருங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறோம். மற்ற எதற்கும் நீதவானை எழுப்புங்கள். அவரிடமும் இப்போது போன் இருக்கிறது. ஆணையைத் தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். அதில் லயத்தின் இலக்கத்தையும் காம்பராவின் இலக்கத்தையும் போடுங்கள். போடப் பழகிவிட்டால், வரும் வழியில் ஒபீஸ் மேசையில் கிடக்கிற எங்கள் கடுதாசிகளையும் எடுத்து வாருங்கள்.