பதினோரு மாதத்துக்காரர்

சென்னை ஹவுஸ் ஓனருக்கு ஆண்டுக்கு 11 மாதம்தான். பன்னிரண்டாவது மாதம் பிறந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. "அக்ரிமென்ட் பதினோரு மாசம்தான் தம்பி" என்பதை, வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால், "சட்டம் அப்படி." சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. செலவையும் அலைச்சலையும் மிச்சம் பிடிக்க நினைத்த யாரோ ஒரு கெட்டிக்காரர் ஒரு மாதத்தை வெட்டியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், 12 ஆண்டு எதிரிடையாக அனுபவித்து வந்தவர் சொத்துக்கே உரிமை கொண்டாட இடமளிக்கும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இருக்கிறது. ஓனரின் தலைக்குள் இரண்டும் கலந்துவிட்டன; இரண்டிலும் 12 வருகிறதே, போதாதா? ஆகவே குளியலறைக் குழாய் கசிவதை எத்தனை முறை சொன்னாலும் ஞாபகம் வைக்காதவர், அக்ரிமென்ட் முடியும் தேதியை மட்டும் தவறவிடுவதில்லை. பழைய வாசகமே தேதி மாறி, பழைய எழுத்துப் பிழைகளோடு புதிய முத்திரைத்தாளில் ஏறும். திருத்தப்படுவது வாடகைத் தொகை ஒன்றுதான். கையெழுத்தானதும் அவர் முகத்தில் இன்னொரு 11 மாதத்துக்கு வீட்டை மீட்டுவிட்ட நிம்மதி.

யாரிடமிருந்து மீட்டார் என்பதுதான் கேள்வி. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர், கொடுக்கிற ஒவ்வொரு மாதமும் வீடு ஓனருடையது என்று ஒப்புக்கொள்கிறார். ஓனரின் சம்மதத்தோடு இருப்பவர் எதிரிடையாக அனுபவிப்பவர் ஆகமாட்டார். வாடகைக்கு இருந்துகொண்டே ஓனரின் உரிமையை மறுப்பதற்கு 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு இடம் தரவில்லை. 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. அப்படியானால் ஓனருக்கு உண்மையான காவல், வாடகை வந்துகொண்டிருந்தது என்பதற்கான தடயம்தான்: ரசீது, வங்கிக் கணக்கில் ஒரு வரி. சொல்லி வைத்தாற்போல் அதைத்தான் அவர் ஒழித்துக்கட்டுகிறார். "ஜிபே எல்லாம் வேண்டாம், கையிலேயே குடுத்துடுங்க." ரசீது கேட்டால், "நமக்குள்ள எதுக்குத் தம்பி அதெல்லாம்?" நமக்குள் ஏன் அது கூடாது என்றால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பவர் ஓனரின் பான் எண்ணை எழுத வேண்டும், எழுதினால் வருமான வரித் துறைக்குத் தெரியும். இத்தனைக்கும் பழுது, பராமரிப்புக்காக 30 சதவீதத்தை ஒரு பில்கூடக் கேட்காமல் கழித்துக்கொள்ள அந்தத் துறையே விடுகிறது. மீதிக்கு வரி கட்ட மனமில்லாமல், உரிமைக்கு இருக்கும் மிக எளிய சாட்சியத்தைத் தன் கையாலேயே அழிக்கிறார். இதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல, கருமித்தனம்.

பட்டவருக்குத்தானே தெரியும் என்பார்கள். நியாயம்தான். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், பழைய வாடகையிலேயே தலைமுறை தாண்டி உட்கார்ந்தவர்களும், அவர்களை எழுப்ப நீதிமன்றத்துக்கு நடந்தே ஓய்ந்த ஓனர்களும் உண்டு. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தையெல்லாம் மாடிப் போர்ஷனில் கொட்டியவருக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு. ராத்திரி அவருக்குத் தூக்கம் வராததை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் 11 மாதமானாலும் சரி, ஆறு மாதமானாலும் சரி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு மாதத்தை வெட்டியதன் பலனே போயிற்று. ஓனர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார். தனக்குச் சாதகமாக அதில் இருப்பதையும் அவர் படிக்கவில்லை. வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லலாம். காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிற இடத்தில், வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த வரி மட்டும் எப்படியோ அவருக்கு மனப்பாடம்.

வழக்கு என்று போனால் இன்றைக்கும் இழுக்காதா? இழுக்கலாம். ஆனால் காகிதம் இல்லாதவருக்கு இன்னும் இழுக்கும். அதுவரை பொறுமையில்லாத ஓனர் மோட்டார் சுவிட்சை நம்புகிறார்: தண்ணீரை நிறுத்தினால் தானாகக் காலி செய்வார்கள் என்று. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைப் புதிய சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. நியாயம் தன் பக்கம் இருக்கிற வழக்கிலும் அந்த ஒரு சுவிட்சால் அவரே குற்றம் சாட்டப்படும் இடத்துக்குப் போய்விடுகிறார்.

பாதுகாப்பிலும் இதே கதை. 2012-இல் வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில் இருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் போலீஸால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, வாடகைக்கு வருபவரின் விவரத்தைச் சென்னைக் காவல்துறை கேட்டது. முறையான, பயனுள்ள ஏற்பாடு. ஓனரோ காவல்துறை கேட்டதை விட்டுவிட்டு, கேட்காததையெல்லாம் விசாரிப்பார்: அசைவமா, எந்த ஊர், எந்த ஆட்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள். பிறகு மாடிப்படியில் ஒரு கேமரா, குடித்தனக்காரரின் வாசலைப் பார்த்து. அந்த வாசலுக்கு உள்ளே, ஈரக் குளியலறையில், ஹீட்டருக்குப் போகும் பழைய வயருக்கு எர்த் இருக்கிறதா என்று அவர் பார்த்ததில்லை. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இஎல்சிபி, பல வீடுகளுக்கு அந்தக் கேமராவைவிடக் குறைந்த செலவு. யாருக்காவது ஷாக் அடித்து விபரீதமானால் போலீஸ் முதலில் தட்டப்போவது ஓனர் வீட்டுக் கதவை. உள் வயரிங் ஓனர் பொறுப்பு என்று அந்தப் புதிய வாடகைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் அவர் பொறுப்பு என்று அதே அட்டவணை சொல்கிறது. காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் ஓனரிடம் அதைக் காட்டிப் பாருங்கள். "அது அக்ரிமென்ட்ல இருக்கே தம்பி" என்பார். பதிவு செய்யாத அக்ரிமென்ட்டில்.